மட்டக்களப்பு, அம்பாறையில் சண்டை வராமல் அரசியல் கதைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆரையம்பதிக்காரன். எங்கள் ஊர் முடிகிற இடத்தில் காத்தான்குடி தொடங்குகிறது, வெளியூரில் இருந்து வருகிறவருக்கு வீதி நடுவில் நிற்கிற பேரீச்சை மரங்களைப் பார்த்தால்தான் எல்லை தெரியும். 2024 பாராளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு வாசிகசாலையில் மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடிக் கதைக்கிறோம். தமிழரசுக் கட்சி, தேசிய மக்கள் சக்தி (என்பிபி), பிள்ளையானுடைய கட்சி, ஒன்றுக்கும் வாக்குப் போடாதவர், எல்லோரும் வருகிறார்கள், காத்தான்குடியில் இருந்தும் மூன்று நாலு பேர் வருகிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும் இவை. பதில்கள் என்னுடையவை, கூட்டத்துடையவை இல்லை.

கருத்து வேறுபாடு என்றைக்கும் இருந்ததுதானே, இப்போது மட்டும் என்ன புதுசு?

வேறுபாடு புதுசில்லை. என் அப்பா தமிழரசுக் கட்சி, அவருடைய கூடப்பிறந்த தம்பி யூஎன்பி. இரண்டு பேரும் ஒரே வட்டையில் வயல் செய்தார்கள், வரம்பில் நின்று கத்துவார்கள், கத்தி முடிந்ததும் ஒரே பானைச் சோறு. இப்போது நடப்பது வேறு. கட்சி மாறி வாக்குப் போட்டான் என்ற ஒரே காரணத்துக்காக மச்சானுடைய தாயின் செத்த வீட்டுக்குப் போகாத ஆள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்.

ஒருவருடைய கொள்கை பிடிக்காமல் போவது ஒன்று, அந்தக் கொள்கைக்காக ஆளையே பிடிக்காமல் போவது இன்னொன்று. ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள். அமெரிக்காவில் 'உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்' என்று 1960 இல் கேட்டபோது மனவருத்தம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2010 இல் கேட்டபோது ஒரு கட்சியில் பாதிப் பேர், மற்றதில் மூன்றில் ஒரு பங்கு. அவர்களுக்குக் கல்யாணம் அளவுகோல். நமக்குச் செத்த வீடு, மௌத்து வீடு. அங்கே யார் வரவில்லை என்று பாருங்கள், ஊரின் நிலைமை தெரிந்துவிடும்.

இங்கே உண்மையில் எத்தனை பிளவு இருக்கிறது?

கொழும்பில் இருந்து பார்த்தால் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று தெரியும். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 43 முஸ்லிம், 39 சிங்களவர், 17 தமிழர். யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மாவட்டம், அதனால்தான் அங்கே ஒவ்வொரு பிரதேச செயலக எல்லையும் தலைபோகிற விஷயம். மட்டக்களப்பில் 72க்கு மேல் தமிழர், 25 முஸ்லிம். 1961 வரை இரண்டும் ஒரே மாவட்டம் என்பது இன்றைய பொடியன்களில் பலருக்குத் தெரியாது.

கிட்டப் போனால் இன்னும் இருக்கிறது. 2004 இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்தை விட்டுப் பிரிந்தபோது ஒரே குடும்பத்துக்குள் விழுந்த கோடு, வடக்கா கிழக்கா என்ற கோடு, கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் உள்ளூராட்சி சபை பற்றிய இழுபறி, சாதி, குடி என்கிற தாய்வழி வம்சப் பிரிவு. இன மோதலைப் பற்றி மேடை போட்டுக் கதைப்போம், சொந்த அண்ணனோடு ஏன் கதைப்பதில்லை என்று கேட்டால் வாய் திறக்க மாட்டோம்.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரிக் கலந்து வாழ்ந்தோம் என்கிறார்களே, அது பொய்யா?

பொய் இல்லை, ஆனால் பாதிதான். கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிமுறை பொது. கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. வயல், ஆற்று மீன், சந்தை எல்லாம் ஒன்றாகத்தான் நடந்தது.

அப்புறம் 1990 வந்தது. ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் கொன்றார்கள், சில நாளில் ஏறாவூர். அதே ஆகஸ்ட், செப்டம்பரில் வீரமுனையிலும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலும் சத்துருக்கொண்டானிலும் அரச படையினரும் ஊர்காவல் படையினரும் செய்ததில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஐந்தாறு கிழமைக்குள் நடந்தவை இவை எல்லாம். நான் கவனித்தது என்னவென்றால், தமிழ்ப் பொடியனுக்கு இரண்டாவது பட்டியல் மனப்பாடம், முஸ்லிம் பொடியனுக்கு முதலாவது. மற்றப் பட்டியலில் உள்ள ஊர்ப் பெயர்களைக்கூடச் சொல்லத் தெரியாது.

பிட்டுக் கதையை விழா மேடையில் சொல்கிறபோது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். மற்றப் பக்கத்துப் பட்டியலையும் படித்துவிட்டுச் சொல்லட்டும், கேட்கிறேன்.

பண்பாகக் கதை என்றால், பாதிக்கப்பட்டவன் வாயை மூடிக்கொள் என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அப்படி அர்த்தம் வைத்துக்கொண்டு இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். பழசைக் கிளறாதே, ஒற்றுமையைக் குழப்பாதே என்பார்கள், அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் ஒன்றும் இழக்காதவராக இருப்பார். வீதியோரக் கொட்டிலில் படத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிற தாய்மார் அழுதால், கத்தினால், மண்ணை வாரித் தூற்றினால் அதைப் பண்பில்லாத பேச்சு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நான் பண்பு என்று கேட்பது சின்ன விஷயம். குற்றம் செய்தவனைப் பெயர் சொல்லிக் கேள், அவனுடைய இனம் முழுவதையும் சேர்த்துக் கேட்காதே. அவ்வளவுதான். 'புலிகள் செய்தார்கள்' என்பதும் 'தமிழன் செய்தான்' என்பதும் ஒரே வசனம் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்கு 'சஹ்ரான் கும்பல்' என்பதும், முஸ்லிம்களை மொத்தமாகச் 'சோனகர்' என்பதும் அப்படித்தான். சொல்லில் அரை அங்குல வித்தியாசம், கேட்கிறவனுக்கு ஒரு மைல்.

வாட்ஸ்அப்பில் வருவதை நிறுத்த முடியுமா?

வருவதை நிறுத்த முடியாது, நம்மிடம் இருந்து போவதை நிறுத்தலாம்.

அம்பாறை நகரத்தில் 2018 பெப்ரவரி 26 இரவு நடந்ததை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வேன். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட வந்தவருடைய கறியில் ஒரு கட்டி கிடந்தது. சிங்களவர்களுக்கு மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்த காலம். சனம் சூழ்ந்துகொண்டது. காசாளருக்குச் சிங்களம் சரியாக வராது, என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல் பயத்தில் தலையாட்டினார், அந்தத் தலையாட்டல் வீடியோவாகப் போனது. கடையும் போனது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னது என்ன தெரியுமா, அது மாவுக் கட்டி. ஒருவரை மலடாக்கும் அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் கிடையாது என்று மருத்துவர்களும் சொன்னார்கள். அதற்குள் தீ கண்டிப் பக்கம் திகனைக்குப் போய்விட்டது, அரசாங்கம் பேஸ்புக்கையே சில நாள் மூடியது. இரண்டு வருஷம் கழித்து, 2020 மே மாதம், பேஸ்புக் கம்பனி தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்காரருக்கு அந்த மன்னிப்பு எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் அட்மினாக இருக்கிற குரூப்பில் இரண்டே விதி. ஒன்று, 'அங்கே நடந்ததாம்' என்று யாராவது போட்டால் அந்த ஊரில் உனக்குத் தெரிந்த ஒருவருக்கு முதலில் போன் எடு, எடுத்துவிட்டுப் போடு. கல்முனையில் ஏதோ நடந்தது என்றால் கல்முனையில் நமக்கு ஒரு ஆள் இல்லாமலா? அந்த ஒரு போனிலேயே பாதி வதந்தி செத்துவிடும். இரண்டு, இரவு பத்து மணிக்குப் பிறகு அரசியல் வேண்டாம். இதைச் சொன்னபோது சிரித்தார்கள். ஆனால் எங்கள் குரூப்பில் ஆட்கள் கோபித்து வெளியேறிய சம்பவங்களை எண்ணிப் பார்த்தேன், அநேகமாக எல்லாமே நடுச்சாமத்தில் போட்ட வொய்ஸ் மெசேஜால் வந்தவை. இதற்கு ஆய்வு எதுவும் என்னிடம் இல்லை, அனுபவம்தான்.

ஒருவர் பொய்யான செய்தி போட்டுவிட்டால் குரூப்பில் வைத்து மானத்தை வாங்காதீர்கள். உள்பெட்டியில் போய், 'அண்ணன், இது பழைய படம் போல இருக்கு, பார்த்திட்டு எடுத்து விடுங்களேன்' என்றால் பத்தில் ஏழு பேர் எடுத்துவிடுவார்கள். சபையில் திருத்தினால் ஏழு பேரும் எடுக்க மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்துக்காரருடைய பதிவுகளைத் தொடர்ந்து வாசித்தால் மனம் திறக்குமா?

திறக்கும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். 2018 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆட்களுக்குக் காசு கொடுத்து ஒரு மாதம் எதிர்த்தரப்பு ட்விட்டர் பதிவுகளைப் பார்க்க வைத்தார்கள். சராசரியாக எந்தக் கட்சிக்காரரும் நடுவுக்கு வரவில்லை, குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்னைவிட இறுகிப் போனார்கள். யோசித்தால் விளங்குகிறது. முகநூலில் எதிர்ப்பக்கத்தில் நம் கண்ணில் படுபவர் அந்தப் பக்கத்திலேயே ஆகக் கூடுதலாகக் கத்துகிறவர், தேநீர்க் கடையில் நமக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் அவர் இல்லை.

வீட்டிலேயே சண்டை. மச்சானோடு எப்படிக் கதைப்பது?

என் மச்சான் ஒருவர் கட்சி வெறியர், பெயர் வேண்டாம். போன வருஷம் வரை எங்கள் கதை இப்படித்தான் போகும்: அவர் ஒன்று சொல்வார், நான் அதற்கு ஆதாரம் கேட்பேன், அவர் 'உனக்கு என்னடா தெரியும்' என்பார், அக்கா உள்ளே இருந்து 'ரெண்டு பேரும் சாப்பிட வாறீங்களா இல்லையா' என்று கத்துவா.

ஒருநாள் ஆதாரம் கேட்பதை விட்டுவிட்டு, 'மச்சான், நீங்க இந்தப் பக்கம் வந்தது எப்ப இருந்து, அப்ப என்ன நடந்தது' என்று கேட்டேன். முக்கால் மணித்தியாலம் கதைத்தார். சுனாமி நேரம் நாவலடியில் யார் வந்து தூக்கினார்கள், யார் வந்து பார்க்கவே இல்லை என்று தொடங்கி எங்கெங்கோ போனது. முப்பது வருஷமாகத் தெரிந்த மனுசன், இதில் பாதி எனக்குத் தெரியாது. அவர் கட்சி மாறவில்லை. நானும் மாறவில்லை. ஆனால் அடுத்த நாள் அவர் எனக்குப் போன் எடுத்து, 'நீ ஏன் அந்தப் பக்கம், சொல்லு பாப்பம்' என்றார்.

இதற்கு ஆய்வும் இருக்கிறது. மயாமி நகரத்தில் வீடு வீடாகப் போய், வாதாடாமல், ஆட்களுடைய சொந்த அனுபவத்தைக் கேட்டுச் சுமார் பத்து நிமிடம் கதைத்ததில், திருநர்கள் மீதான வெறுப்பு குறைந்து மூன்று மாதம் வரை அப்படியே நின்றது என்று 2016 இல் எழுதினார்கள். பத்து நிமிடம்! நாங்கள் கொமெண்டில் மூன்று மணித்தியாலம் மினக்கெடுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. குடித்திருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம்.

சிநேகபூர்வ கிரிக்கெட், இப்தார், பொங்கல் விழா இதெல்லாம் பலன் தருமா?

போட்டோ எடுத்துவிட்டுப் போகிற இப்தாருக்கு நான் இப்போது போவதில்லை. சாப்பாடு நல்லாத்தான் இருக்கும்.

தமிழ் அணிக்கு எதிராக முஸ்லிம் அணி விளையாடுவதை ஒற்றுமைக் கிரிக்கெட் என்கிறார்கள், அதைப்போல விசர் வேலை வேறு இல்லை. ஒரே அணிக்குள் இரண்டு பேரும் இருக்க வேண்டும். ஈராக்கில் ஐஎஸ் தாக்குதலில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் உதைபந்தாட்ட அணிகளில் முஸ்லிம்களைச் சேர்த்துப் பார்த்தார்கள், 2020 இல் முடிவு வந்தது. கலப்பு அணியில் விளையாடிய கிறிஸ்தவர்கள் மைதானத்துக்குள் முஸ்லிம்களோடு நன்றாகப் பழகினார்கள், அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் சேர விரும்பினார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் மீது பெரிய மாற்றம் இல்லை. பலன் உண்டு, ஆனால் சின்னது. அதைப் பெருப்பித்துச் சொல்லக் கூடாது.

என்னைக் கேட்டால் தண்ணீரைப் பாருங்கள். அம்பாறையில் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் 1949 இல் தொடங்கியது, 1956 இல் தமிழர் மீது பெரிய வன்முறை நடந்ததும் அங்கேதான். இங்கினியாகலைக் குளத்தில் இருந்து வாய்க்கால் வருகிறபோது மேலே சிங்கள விவசாயிகள், வால்பக்கம் தமிழரும் முஸ்லிம்களும். மேலே இருப்பவன் மறித்தால் கீழே வயல் காயும். 1980களின் தொடக்கத்தில், குளத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த நேரம், கொழும்பில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இடதுகரையில் விவசாயிகளைச் சின்னச் சின்னக் குழுக்களாக்கின. ஒற்றுமை பற்றி யாரும் வகுப்பு எடுக்கவில்லை. வாய்க்காலில் சேறு அள்ளினார்கள், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். நாடு இனக்கலவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்த வருஷங்களில் சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீர் தமிழ் விவசாயிகளின் வயலுக்கும் போனது.

இன்றைக்கும் பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கதவு எப்போது திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்தி முடிய ஒரு திகதி எழுதப்படும், அந்தத் திகதிக்கு எல்லோரும் கட்டுப்படுவார்கள். அங்கே யாரும் 'நல்லிணக்கம்' என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரிய பிரச்சினைகளில், உதாரணமாகக் கல்முனை வடக்குப் பிரதேச செயலகம், இது சரிவருமா?

1989 இல் இருந்து உப அலுவலகமாக இருப்பதை முழுச் செயலகமாகத் தரமுயர்த்து என்று தமிழர் கேட்கிறார்கள், முஸ்லிம் தரப்பு மறுக்கிறது, 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை போனது. எங்கள் கூட்டத்தில் இதை எடுத்தபோது முதல் அரை மணித்தியாலம் கோஷம்தான். அப்புறம் ஒருவர் கரும்பலகையில் வரைபடம் கீறி, 'சரி, எந்த ஜிஎஸ் (கிராம சேவகர்) பிரிவு எந்தப் பக்கம், பஸார் யாருக்கு, வருமானம் எப்படிப் பிரியும், சொல்லுங்க' என்றார். அநேகம் பேருக்குத் தெரியவில்லை, எனக்கும்தான். தெரியவில்லை என்று தெரிந்ததும் சத்தம் இறங்கியது. தீர்வு வந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் பயப்படுவது எதற்கு என்று வெளியே வந்தது, காணியும் கடையும்தான் பெரும்பாலும்.

நாங்கள் ஒழுங்காகத்தான் இருக்கிறோம், அரசியல்வாதிகள்தானே பிரிக்கிறார்கள்?

பாதி சரி. விருப்பு வாக்கு முறையில் ஒரு வேட்பாளருக்கு ஆகப் பெரிய எதிரி அவருடைய கட்சிக்குள்ளேயே, அவருடைய ஊரிலேயே இருப்பார். ஊருக்குள் வாக்குச் சேர்க்க 'அவங்கள்' என்று ஒரு கூட்டத்தைக் காட்டுவது ஆக மலிவான வழி.

2020 இல் அம்பாறையில் நடந்ததை எடுங்கள். கருணா கேட்ட கட்சிக்கு 29 ஆயிரத்துக்கு மேல், தமிழரசுக்கு 25 ஆயிரத்துக்கு மேல், இரண்டுக்கும் ஆசனம் இல்லை. சுமார் 39 ஆயிரம் எடுத்த முஸ்லிம் கட்சியான தேசிய காங்கிரசுக்கு ஒன்று கிடைத்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாலாம் வகுப்புக் கணக்கு. ஆனால் அடுத்த இரண்டு வருஷமும் ஒருவரை ஒருவர் துரோகி என்றுதான் கழிந்தது, கணக்கைப் பற்றிக் கதைத்தவர்கள் கொஞ்சப் பேர். 2024 இல் தமிழரசுக்கு அங்கே ஓர் ஆசனம் வந்தது.

மற்றப் பாதி நாங்கள். துரோகி என்ற சொல் இந்த மண்ணில் ஆட்களைக் கொன்ற சொல். அதைக் கொமெண்டில் சாதாரணமாகப் போடுகிற பொடியன்களுக்கு அந்தக் காலம் தெரியாது, தெரிந்த நாங்கள் லைக் போட்டுவிட்டுப் போகிறோம்.

வெறுப்புப் பேச்சுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய ஐசிசிபிஆர் சட்டம், மூன்றாம் பிரிவு. 2024 இல் இணையத்துக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. சிறுகதை எழுதியவர்கூட முதலாவது சட்டத்தில் உள்ளே போயிருக்கிறார், மேடையில் இனவெறி கக்கியவர்கள் பலர் வெளியே நிற்கிறார்கள். உயிருக்கு மிரட்டல் என்றால் ஸ்கிரீன் ஷொட் எடுத்துப் பொலிசுக்குப் போங்கள். மற்றதற்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

நம்முடைய முன்னோர் இதற்கு ஏதாவது வழி வைத்திருந்தார்களா?

கொம்புமுறி விளையாட்டு! கண்ணகி அம்மனுக்காக ஊரே இரண்டாகப் பிரியும், வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த மரக்கொம்பு இரண்டைக் கொளுவி, கயிறு கட்டி இரண்டு பக்கமும் இழுப்பார்கள். கொம்பு முறிந்த பக்கம் தோல்வி. வசைப்பாட்டு வேறு, காது கூசும். மழை வேண்டியும் நோய் போகவும் சண்டையைச் சடங்காக வைத்தார்கள், அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, முடிகிற நேரம் உண்டு. எல்லாம் அழகாக முடிந்தது என்று நான் சொல்லவில்லை, அடிதடியில் போன கதைகளும் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் முடிந்த பிறகு வடசேரிக்காரனும் தென்சேரிக்காரனும் ஒரே அம்மன் வாசலுக்குத்தான் வர வேண்டும். பேஸ்புக்கில் இழுப்பவர்களுக்கு முடிகிற நேரமும் இல்லை, போய் நிற்க ஒரு வாசலும் இல்லை.

இவ்வளவும் சொல்கிறீர்களே, நீங்கள் அப்படி நடக்கிறீர்களா?

இதைக் கேட்டது காத்தான்குடியில் இருந்து வருகிற ஒரு தங்கச்சி. பொய் சொல்ல முடியவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். பின்னணியில் இருந்தவன் காத்தான்குடி ஆள் என்று தெரிந்ததும், முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்று செய்திகள் வரத் தொடங்கின. நான் ஒன்றையும் பகிரவில்லை, அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. ஆனால் பதினைந்து வருஷமாகச் சாமான் வாங்கின கடைக்குப் போகாமல் விட்டேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகத்தான் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பினேன். நாலு மாதம்.

பிறகு ஒருநாள் மனுசி ஏதோ சாமான் அந்தக் கடையில்தான் கிடைக்கும் என்று அனுப்பினா. உள்ளே போனேன். கடைக்காரக் காக்கா தராசில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்தார்.

'என்ன சேர், கன நாளாக் காணல்ல, சுகமில்லாம இருந்தீங்களா?'

'ஓம்' என்றேன். 'கொஞ்சம் சுகமில்லை.'